அணைச்சாச்சா மாமா

அத்தியாயம் 14

அன்று காலை வாசலில் அவளை யாரும் எதுவும் கேட்கவில்லை.

கதைக்காரி செருப்பை மாட்டிக்கொண்டு, பையைத் தோளில் போட்டுக்கொண்டு, ஒரு கணம் நின்றாள். எதற்காக நின்றோம் என்று அவளுக்கே தெரியவில்லை. ஹாலில் மாமனார் பேப்பரை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவள் காபி டம்ளரை வாங்கிக்கொண்டு போனபோது எந்தப் பக்கம் தெரிந்ததோ அதே பக்கம்தான் இன்னமும் தெரிந்தது.

"போயிட்டு வரேன் மாமா."

"ம்."

அவ்வளவுதான். படி இறங்கி, பஸ் பிடித்து, ஜன்னலோர சீட்டும் கிடைத்து உட்கார்ந்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. கேஸை அணைச்சாச்சா, ஜன்னலைச் சாத்தியாச்சா, சாவி எடுத்தாச்சா. மாமனார் இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து இந்த மூன்று கேள்விகளும் முதுகில் விழாமல் அவள் வாசலைத் தாண்டியதே இல்லை. அப்பாடா என்று இருந்திருக்க வேண்டும். அப்படி இருக்கவில்லை.

இந்த வாரம்தான் நம்மோடு சேர்ந்துகொள்கிறவர்களுக்கு வீட்டை ஒரு முறை சுற்றிக் காட்டிவிடலாம். பெரிய வீடு இல்லை, சீக்கிரம் முடிந்துவிடும்.

கதைக்காரி என்ற பெயர் ஆபீஸில் வைத்தது. வீடியோ கேம் செய்யும் ஒரு சின்னக் கம்பெனியில் கதையும் வசனமும் அவள் பொறுப்பு. "கேமுக்கு எதுக்கும்மா கதை, ஓடறதும் சுடறதும்தானே?" என்று கேட்காத சொந்தக்காரர் அவளுக்குக் கிடையாது. கணவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். எல்லோரும் மாஸ்டர் என்று கூப்பிடுகிறார்கள், நாமும் அப்படியே வைத்துக்கொள்வோம். மாமனார் ஒரு பள்ளிக்கூடத்தின் வேதியியல் ஆய்வகத்தில் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மாமியார் தவறிய பிறகு, மூன்றாவது மாடியில் இருக்கும் மகன் வீட்டுக்கு ஒரு பெட்டியோடும் இந்த மூன்று கேள்விகளோடும் வந்து சேர்ந்தார்.

அந்தக் கேள்விகளுக்குக் கதைக்காரி நின்று பதில் சொன்னதே கிடையாது. படி இறங்கிக்கொண்டே "ஆச்சு மாமா, ஆச்சு மாமா" என்பதைப் பதில் என்று எடுத்துக்கொண்டால், தினமும் சொல்லியிருக்கிறாள்.

இப்போது கம்பெனி செய்துகொண்டிருக்கும் கேமில் ஓர் ஊர் மெல்ல மெல்லத் தண்ணீருக்குள் போய்க்கொண்டிருக்கிறது. விளையாடுகிறவர் ஒரு படகுக்காரி. மாட்டிக்கொண்டவர்களை ஏற்றிக்கொண்டு போய் மேட்டில் சேர்க்க வேண்டும். கதை கனத்துக்கொண்டே போகிறது, நடுவில் ஆட்கள் மூச்சு விட ஒரு சிரிப்பு வேண்டும் என்றாள் கேப்டன். கேப்டன் என்றால் கப்பல் ஓட்டுகிறவள் இல்லை, கம்பெனி முதலாளி. சிரிப்பு என்றதும் கதைக்காரியின் கண் முன்னால் வந்து நின்றவர் மாமனார்தான்.

படகுத்துறையில் ஒரு பெரியவரை நிறுத்தினாள். படகு கிளம்பும்போதெல்லாம் அவர் கேட்பார்: கேஸை அணைச்சாச்சா? ஜன்னலைச் சாத்தியாச்சா? சாவி எடுத்தாச்சா? அவருக்குப் பின்னால் வீடுகள் கூரை வரை முழுகிக் கிடக்கும்.

நடிகர் வந்து பேசும் வரை ஏதோ ஒரு குரலைப் போட்டு இடத்தை நிரப்பி வைப்பது அந்தத் தொழிலில் வழக்கம். ஆபீஸில் சும்மா இருக்கும் யாராவது பேசிக் கொடுப்பார்கள். கதைக்காரி ஒரு காலையில் போனைக் கையில் மறைத்துப் பிடித்துக்கொண்டு, வாசலில் மாமனார் கேட்டதை அப்படியே பதிவு செய்துகொண்டு போனாள். ரெண்டு வாரத்துக்குத்தானே என்று நினைத்தாள். பிறகு நடிகர் வந்தார், காமெடியாகப் பேசினார், ஒருவரும் சிரிக்கவில்லை. மாமனார் கவலையாகக் கேட்டிருந்தார். ஆட்களுக்குச் சிரிப்பு வந்தது அந்தக் கவலைக்குத்தான்.

"இந்தக் குரலே இருக்கட்டும். யாரு இது?" என்றாள் கேப்டன்.

"எங்க மாமனார்."

"அவர்கிட்ட கேட்டுட்டியா?"

"கேட்டுட்டேன். ரொம்ப சந்தோஷப்பட்டார்."

அந்த இரண்டாவது வாக்கியம் தேவையே இல்லை. பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர்கள்தான் இப்படிக் கொசுறு போடுவார்கள். போன வாரம் கேமின் முன்னோட்ட வீடியோ வெளியே வந்தது. ஊரே தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியது படகுக்காரியை இல்லை, படகுத்துறைப் பெரியவரை. அவருக்குக் கேமில் வைத்திருந்த பெயர் அணைச்சாச்சா மாமா.

மாமனார் கேம் பக்கமே வராதவர், வீடியோ பார்க்காதவர் என்ற தைரியத்தில்தான் கதைக்காரி இத்தனை நாள் ஓட்டிக்கொண்டிருந்தாள்.

* * *

ஆபீஸ் இருந்த இடம் முன்பு ஒரு பல் மருத்துவமனை. இன்றைக்கும் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு யாராவது ஏறி வருவதுண்டு. அன்று ஏறி வந்தவர் அந்தப் பல் டாக்டரே. தொழிலை விட்டுவிட்டார், கட்டிடம் மட்டும் அவருடையது. போரடித்தால் வந்து எட்டிப் பார்ப்பார். கேமை விளையாடிப் பார்க்கும் பரிசோதனைக்கு வருவதாக இருந்த பெண் வரவில்லை என்றதும், கேப்டன் அவரையே பிடித்து உட்கார வைத்துவிட்டாள்.

"எனக்கு இதெல்லாம் தெரியாதே."

"தெரியாதவங்கதான் டாக்டர் எங்களுக்கு வேணும்."

பரிசோதனை அறைக்கும் அடுத்த அறைக்கும் நடுவில் ஒரு கண்ணாடி. இந்தப் பக்கம் நிற்கிறவர்கள் அந்தப் பக்கத்துக்குத் தெரிய மாட்டார்கள். விளையாடுகிறவர் எங்கே முழிக்கிறார், எங்கே சிரிக்கிறார், எங்கே கொட்டாவி விடுகிறார் என்று பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். ஒரே ஒரு சட்டம்தான். அவர் தலைகீழாக நின்றாலும் யாரும் போய் உதவக்கூடாது, வாயைத் திறக்கக்கூடாது. விற்ற பிறகு வீடு வீடாகப் போய் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க முடியாதில்லையா.

அன்று மாலையோடு வசனத்தை முடித்துப் பூட்டிவிட வேண்டும். அதற்குப் பிறகு ஒரு வார்த்தை சேர்ப்பதோ எடுப்பதோ நாளைக்கு ஒரு நாள் மட்டும், அதுவும் கேப்டன் மனசு வைத்தால்.

டாக்டர் படகை இரண்டு முறை சுவரில் மோதினார். பிறகு பிடி கிடைத்துவிட்டது. படகுத்துறைக்கு வந்தார். பெரியவர் கேட்டார்.

"கேஸை அணைச்சாச்சா?"

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் எல்லோரும் சிரிப்புக்குத் தயாரானார்கள். விளையாட வந்த அத்தனை பேரும் இந்த இடத்தில் ஒன்றுதான் செய்தார்கள். விழுந்து சிரித்துவிட்டு, பெரியவரைத் தாண்டிப் படகில் ஏறிப் போய்விடுவார்கள். சில பேர் அவர் தலையில் மீன்கூடையைக் கவிழ்த்துவிட்டும் போனார்கள். கூடைக்குள்ளிருந்தும் அவர் கேட்டுக்கொண்டே இருப்பார். அது யாரும் திட்டமிட்டு வைத்ததில்லை, தற்செயலாக அமைந்தது. அதற்கும் ஒரே சிரிப்பு.

டாக்டர் சிரிக்கவில்லை. படகை நிறுத்திவிட்டு இறங்கிவந்தார். பேசும் பொத்தானைத் தேடி அழுத்தினார்.

"அணைச்சாச்சு" என்றது படகுக்காரியின் குரல்.

"ஜன்னலைச் சாத்தியாச்சா?"

"சாத்தியாச்சு."

"சாவி எடுத்தாச்சா?"

"எடுத்தாச்சு."

டாக்டர் காத்திருந்தார். பெரியவரும் நின்றுகொண்டிருந்தார். அலை அடித்தது. கொஞ்ச நேரம் கழித்துப் பெரியவர் கேட்டார். "கேஸை அணைச்சாச்சா?"

ஒலிப்பதிவு பார்க்கும் ஹெட்போன் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினான். பெயரைப் பார்த்து மிரள வேண்டாம், கழுத்திலிருந்து அதைக் கழற்றவே மாட்டான், அதனால் வந்த பெயர். கேப்டனும் சிரித்தாள். டாக்டர் மறுபடியும் மூன்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னார். பெரியவர் மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தார். மூன்றாவது சுற்றில் சிரித்துக்கொண்டிருந்தவர்களும் ஓய்ந்துவிட்டார்கள்.

கதைக்காரிக்குக் காது சுட்டது. கண்ணாடியைத் தட்டி, 'டாக்டர், அதுக்கு மேல ஒண்ணும் இல்லை, போயிடுங்க' என்று சொல்லிவிடலாமா என்றிருந்தது. சட்டம் போட்டதே அவள்தான். வாயை மூடிக்கொண்டு நின்றாள்.

விளையாடி முடித்த பிறகு கேப்டன் கேட்டாள். "எங்கயாவது போரடிச்சுதா டாக்டர்?"

"போர் இல்ல. அந்தத் துறையில நிக்கிற ஆளுதான். நான் பதில் சொன்னப்புறம் ஏதோ சொல்லப்போறார்னு நினைச்சேன்."

"அவர் காமெடி டாக்டர்."

"அப்படியா?" டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான் வாழ்நாள் பூரா ஆளுங்க வாயில கையை விட்டுக்கிட்டே 'எப்படி இருக்கீங்க, பசங்க என்ன படிக்கிறாங்க'ன்னு கேட்டவன். அவங்களால பதில் சொல்ல முடியாது, எனக்கும் பதில் வேண்டியதில்லை. அப்படிக் கேக்கறது எப்படி இருக்கும்னு எனக்கு நல்லாத் தெரியும். இந்த ஆளு அப்படிக் கேக்கலை. நிஜமாவே பதில் வேணும்னு கேக்கறார். யாரு பேசினது?"

எல்லோரும் கதைக்காரியைப் பார்த்துச் சிரித்தார்கள். அவளும் சிரித்து வைத்தாள்.

* * *

மத்தியானம் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது நாத்தனாரிடமிருந்து போன். மாஸ்டருக்குத் தங்கை, வேறு ஊரில் இருக்கிறவள், இவளோடு தோழி மாதிரி பழகுகிறவள். எப்போதும் அரட்டையோடு ஆரம்பிக்கிற குரல் அன்று நேராக விஷயத்துக்கு வந்தது.

"அண்ணி, அது அப்பா குரல்தானே?"

கதைக்காரி சாப்பாட்டு டப்பாவை மூடினாள்.

"எங்க ஸ்கூல் குரூப்ல நேத்துலேருந்து அதான் ஓடுது. லேப் சார் கேம்ல வந்துட்டார்னு எல்லாம் போட்டுச் சிரிக்கிறாங்க. குரலைக் கூட விடுங்க. அந்தப் பேரை ஏன் அண்ணி வச்சீங்க?"

"எந்தப் பேரு?"

"அணைச்சாச்சா மாமா. ஸ்கூல்ல பசங்க அவரை அப்படித்தானே கிண்டல் பண்ணுவாங்க. அவர் ரிட்டயர் ஆகற வரைக்கும் அந்தப் பேரு போகலை. காரிடார்ல நடந்து வந்தாலே பின்னாலேருந்து கத்துவாங்க. கடைசி நாள் மாலை போட்டு அனுப்பினப்போ கூட எவனோ மேடைக்குப் பின்னாலேருந்து கத்தினான். அம்மா அன்னிக்கு அழுதுட்டாங்க. உங்களுக்கு யாரு சொன்னது?"

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கட்டில் மேல் துணியைப் போட்டு மாஸ்டரும் அவளுமாக மடித்துக்கொண்டிருந்தது கதைக்காரிக்கு ஞாபகம் வந்தது. படகுத்துறைப் பெரியவருக்குப் பெயர் கிடைக்கவில்லை என்று அவள் புலம்பினாள். மாஸ்டர் சட்டென்று, "அணைச்சாச்சா மாமான்னு வையேன்" என்றார். சொல்லிவிட்டுக் கண்ணில் தண்ணீர் வருமளவு சிரித்தார். என் புருஷனுக்கு இவ்வளவு நகைச்சுவையா என்று அவள் பூரித்துப் போனாள்.

"அப்பாவுக்குத் தெரியுமா?" என்றாள் கதைக்காரி.

"யாரோ பழைய ஸ்டூடன்ட் நேத்து சாயங்காலம் அவருக்கே போன் பண்ணி, போட்டுக் காட்டியிருக்கான். 'சார் நீங்க ஃபேமஸ் ஆயிட்டீங்க'ன்னு. என்கிட்ட அப்பா ஒண்ணுமே சொல்லலை, அந்தப் பையன்தான் குரூப்ல பெருமையாப் போட்டிருக்கான். அண்ணி? இருக்கீங்களா?"

இருந்தாள். இருந்ததற்கு இல்லாமலே போயிருக்கலாம் என்று தோன்றியது. காலையில் பேப்பருக்குப் பின்னால் இருந்த முகத்தை அவள் ஒரு எட்டு நகர்ந்து பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. போயிட்டு வரேன் மாமா என்று சொன்னதோடு சரி.

வெட்கமாக இருந்தது. பொது இடத்தில் தடுக்கி விழுந்தால் வருகிற வெட்கம் இல்லை இது. யாருமே பார்க்கவில்லை என்று நினைத்து ஒன்றைச் செய்துவிட்டு, அந்த ஆளே நின்று பார்த்துக்கொண்டிருந்தார் என்று தெரியும்போது வருகிற வெட்கம். அது முகத்தில் மட்டும் நிற்பதில்லை. கையை எங்கே வைத்துக்கொள்வது என்று கூட அவளுக்குத் தெரியவில்லை.

கேப்டனிடம் போய் உண்மையைச் சொல்லிவிடுவது என்று எழுந்தாள். நல்ல வேகத்தில்தான் போனாள்.

"வா வா, உன்னைத்தான் தேடிட்டிருந்தேன்" என்றாள் கேப்டன். "டாக்டர் சொன்னது எனக்கும் உறுத்துது. பதில் சொன்னா அவர் வேற ஏதாவது பேசணும். நீ எழுது. நாளைக்குக் காலையில உன் மாமனாரைக் கூட்டிட்டு வா, இங்கயே பதிவு பண்ணிக்கலாம். எல்லாருக்கும் அவரைப் பாக்கணுமாம். ஹெட்போன் அவரோட போட்டோ எடுத்துக்கணுமாம்."

"கேப்டன், அது வந்து..."

"வருவாரில்ல? ரொம்ப சந்தோஷப்பட்டார்னு நீதானே சொன்னே?"

கதைக்காரி வாயைத் திறந்தாள். "வருவார்" என்றுதான் வந்தது.

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. போய் உட்கார்ந்து, பெரியவருக்குப் புது வசனம் எழுதப் பார்த்தாள். பதில் கிடைத்தால் அவர் என்ன சொல்வார்? ஒரே வீட்டில் இருந்துகொண்டு, ஒரே மேஜையில் சாப்பிட்டுக்கொண்டு, அந்த மனிதர் வேறு என்ன பேசுவார் என்று அவளால் ஒரு வரி கூட ஊகிக்க முடியவில்லை. மாலை வரை திரை வெள்ளையாகவே இருந்தது.

* * *

வீட்டுக் கதவு பூட்டியிருந்தது. பைக்குள் கையை விட்டாள். பையைத் தரையில் கவிழ்த்தும் பார்த்தாள். சாவி இல்லை. சாவி உள்ளே, ஆணியில், காலையில் எடுக்காமல் விட்ட இடத்திலேயே தொங்கிக்கொண்டிருக்கும்.

மேல்படியில் உட்கார்ந்தாள். வெளியே வெயில் இன்னும் முழுசாக இறங்கவில்லை. கொஞ்ச நேரத்தில் கீழிருந்து காலடிச் சத்தம் கேட்டது. ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து ஏறுகிற நடை. மாமனார் கையில் ஒரு பல்பு டப்பாவோடு வந்தார். மாடிப்படி விளக்கு பியூஸ் போனால் அசோசியேஷன் கூட்டம் போடும் வரை அவர் காத்திருக்க மாட்டார்.

அவளைப் பார்த்ததும், "சாவி எடு..." என்று ஆரம்பித்தார். உடனே உதட்டை இறுக்கி மூடிக்கொண்டார். கூடாததைச் சொல்லிவிட்ட மாதிரி முகம் சுருங்கியது.

கதைக்காரிக்கு அழுகை வந்துவிட்டது.

"எடுக்கலை மாமா. மறந்துட்டேன்."

"பரவாயில்ல. என்கிட்ட இருக்கு." கதவைத் திறக்கப் போனவர், அவள் எழுந்திருக்காததைப் பார்த்து நின்றார். பிறகு இரண்டு படி கீழே, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தார். பல்பு டப்பாவை மடியில் வைத்துக்கொண்டார்.

"மாமா, நாளைக்கு எங்க ஆபீஸுக்கு உங்களைக் கூட்டிட்டு வரச் சொல்றாங்க."

"என்னை எதுக்கும்மா?"

"உங்க குரல் கேம்ல இருக்கில்ல. நீங்க சம்மதிச்சதா நான் அங்க சொல்லியிருக்கேன்."

அவர் நெற்றியைச் சுருக்கினார். யோசித்தார். வெகு நேரம் யோசித்தார். பிறகு சங்கடமாகச் சிரித்தார்.

"சொன்னேனா? எப்போம்மா? எனக்கு ஞாபகமே இல்லையே. இப்பல்லாம் கொஞ்சம் மறதியாத்தான் போச்சு."

ஒரு விநாடி. ஒரே ஒரு விநாடி, கதைக்காரிக்கு ஒரு வழி திறந்தது. ஆமா மாமா, அன்னிக்கு வாசல்ல நின்னு சொன்னீங்களே, மறந்துட்டீங்களா என்று சொல்லிவிட்டால் போதும். அவர் நம்பிவிடுவார். நாளைக்குக் கிளம்பியும் வருவார். தன் மூளையைச் சந்தேகப்பட்டுக்கொண்டே வருவார். அந்த வழி தன் கண்ணுக்குத் தெரிந்ததே என்பதுதான் அன்றைக்கு அவளை எல்லாவற்றையும் விடக் கூச வைத்தது.

"இல்ல மாமா. நீங்க மறக்கலை. நான் கேக்கவே இல்லை. போனை மறைச்சு வச்சுப் பதிவு பண்ணேன். ஆபீஸ்ல பொய் சொன்னேன்."

மாமனார் பல்பு டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவள் திட்டுக்குக் காத்திருந்தாள். ஒரு திட்டு விழுந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

"எடுத்துடறேன் மாமா. நாளைக்கு முதல் வேலை அதான்."

"அது உன் வேலை, உன் இஷ்டம்." டப்பாவைக் கீழே வைத்துவிட்டு, "ஒண்ணு கேக்கலாமா?" என்றார்.

"கேளுங்க மாமா."

"அந்தப் பையன் போட்டுக் காட்டினதுல அந்த ஆளு இந்த மூணையும்தான் திருப்பித் திருப்பிக் கேக்கறான். அவனுக்கு வேற பேச்சே கிடையாதா?"

"நான் எழுதலை."

"ஏன்?"

"எல்லாரும் அவரைத் தாண்டிப் போயிடறாங்க மாமா. யாரும் நின்னு பதில் சொல்றதில்லை. அதனால எழுதணும்னு தோணலை."

சொன்ன பிறகுதான் சொன்னது காதில் விழுந்தது. அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"அப்போ அவன் மேல தப்பில்லை" என்றார் மாமனார்.

அதை அவர் குத்திக் காட்டுவதற்காகச் சொல்லவில்லை. கேமில் நிற்கிற ஓர் ஆளுக்காக நிஜமாகவே ஆறுதல் பட்டுக்கொண்ட மாதிரிதான் சொன்னார்.

கதைக்காரி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அவள் இத்தனை நாளும் இந்த மனிதரிடம் கேட்காத கேள்வி ஒன்று இருந்தது. கதை எழுதுகிறவள், ஒவ்வொரு பாத்திரமும் செய்வதை ஏன் செய்கிறது என்று ஆபீஸில் வரிந்துகட்டி விவாதிக்கிறவள், வீட்டில் அதைக் கேட்டதில்லை.

"ஏன் மாமா தினமும் கேக்கறீங்க?"

மாமனார் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். இதைக் கேட்பதற்கு ஒருவர் வருவார் என்று அவர் எதிர்பார்த்திருக்கவில்லை போலும். வாய் லேசாகத் திறந்திருந்தது.

"அது... நான் வேலைக்குச் சேர்ந்த புதுசு. லேப்ல ஒரு நாள் சாயங்காலம்..."

கீழே பைக் நிற்கும் சத்தம். பிறகு விசில். மாஸ்டர் எந்தப் பாட்டைப் பிடித்தாலும் பாதியில் விட்டுவிட்டு வேறொன்றுக்குப் போய்விடுவார், விசிலிலும் அப்படித்தான்.

மாமனார் பேச்சை நிறுத்தினார். குரலைத் தணித்துக்கொண்டார்.

"அந்தப் பேரு. அது நீ வச்சதா?"

"ஆமா மாமா" என்றாள் கதைக்காரி. அன்றைக்கு அவள் சொன்ன கடைசிப் பொய் அது. "நானாதான் வச்சேன்."

"நீ வச்சிருக்க முடியாதும்மா. நீ எங்க ஸ்கூல் பக்கமே வந்ததில்லை." அவர் கைப்பிடியைப் பிடித்து எழுந்தார். "அவனும் அங்கதான் படிச்சான். பசங்களோட பசங்களாப் படிச்சான். எனக்குத் தெரியும்னு அவனுக்குத் தெரிய வேண்டாம். சங்கடப்படுவான்."

"மாமா..."

"சொல்லிடாதே."

அதற்குள் மாஸ்டர் வந்துவிட்டார். விரலில் சாவிக்கொத்தைச் சுற்றிக்கொண்டு, இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறி, இருவரையும் பார்த்து இடுப்பில் கை வைத்து நின்றார்.

"என்ன, வாசல்லயே மாநாடா? சாவி இல்லையா?"

"நான்தான் எடுக்கலை" என்றாள் கதைக்காரி.

"அதெப்படி? எங்கப்பா கேக்காமயா விட்டார்?" மாஸ்டர் சிரித்தார். குரலைக் கொஞ்சம் மூக்கால் இழுத்து, கடைசி எழுத்தை மேலே தூக்கி, "சாவி எடுத்தாச்சா? கேஸை அணைச்சாச்சா?" என்றார்.

அச்சு அசல் அப்படியே இருந்தது. கேமில் பேசிய நடிகரால் வராத குரல் அது. ஒரு நாளில் வருகிற பழக்கம் இல்லை. வகுப்பு வகுப்பாக, பெஞ்சு பெஞ்சாக, கூட்டத்தோடு கூட்டமாகச் சொல்லிச் சொல்லி வந்த பழக்கம்.

மாமனாரும் சிரித்தார். தலையை ஆட்டி, தோளைக் குலுக்கி, "போடா" என்று மகன் முதுகில் ஒரு தட்டுத் தட்டி, நன்றாகவே சிரித்தார். அதுவும் ஒரு நாளில் வந்த பழக்கம் இல்லை என்பது கதைக்காரிக்குத் தெரிந்தது.

மாஸ்டர் கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனார். மாமனார் பின்னாலேயே போனார். கதைக்காரியின் பையில் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தாள். கேப்டன்.

'மாமாகிட்ட சொல்லிட்டியா? காலைல எத்தனை மணிக்கு வரீங்க ரெண்டு பேரும்?'

உள்ளே அப்பாவும் பிள்ளையும் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவள் படியிலேயே உட்கார்ந்திருந்தாள். அந்த வீட்டுக்குள் எந்த முகத்தோடு நுழைவது என்று அவளுக்குத் தெரியவில்லை.